ஜெப நேரத்து ஃபேன்

எல்லாரும் கண்ணை மூடி ஜெபத்தில் இருக்கும்போது, பாட்டுக்குழுவிலிருந்து ஜெயசிங் எழுந்து போய் ஃபேனைப் போட்டார்.

போன ஞாயிறும் போட்டார். அதற்கு முந்தின ஞாயிறும் போட்டார்.

அந்த எல்லையோரத்துச் சபையில் ஜெபம் தொடங்கினால் ஃபேன் நிற்க வேண்டும். எல்லாம் பழைய ஃபேன்கள். ஓடினால் மைக்கில் லாரி மேடு ஏறுகிற சத்தம் வரும். துபாயிலும் அயர்லாந்திலும் இருக்கிற பிள்ளைகள் யூடியூபில் ஆராதனை பார்க்கிறார்கள். அவர்கள் காதில் ஜெபம் விழ வேண்டாமா?

ஜெபிப்பவர் சபைச் செயலாளர் கனகதாஸ் சார், ரிட்டையர்ட் தலைமையாசிரியர். எல்லைச் சபை என்பதால் கேரள அரசுக்கும் ஜெபிப்பார், தமிழ்நாட்டு அரசுக்கும் ஜெபிப்பார். மந்திரிகள் இரட்டிப்பு, அதனால் ஜெபமும் இரட்டிப்பு. பிறகு நோயாளிகள். கடைசியாக, பாட்டுக்குழுவில் நிற்கும் தன் மனைவி ராஜபாயை மார்புப் புற்றிலிருந்து மீட்டுத் தந்ததற்கு நீளமாக ஒரு ஸ்தோத்திரம்.

இந்த வாரம் அந்த ஸ்தோத்திரத்தின் நடுவில்தான் ஃபேன் கடகடவென்று கிளம்பியது.

ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடியது.

"எதுக்கு ஓய் போட்டீரு?" என்று கேட்டார் சார்.

"வேர்த்துது சாரே."

"வெளிய துலாமழை அடிச்சு ஊத்துது. உமக்கு மட்டும் வேர்க்குதாக்கும்?"

ஜெயசிங் வெள்ளறடையில் பெயிண்ட் கடை வைத்திருப்பவர். வியாபாரத்துக்கு வேண்டிய பேச்சுகூட வராத மனிதர்.

யூடியூப் பொறுப்பிலிருக்கும் அஜேஷுக்கு சாரைவிடக் கோபம். "அயர்லாந்திலேருந்து எனக்க தங்கச்சி கேக்கா, கோயிலுக்கு உள்ள ரைஸ் மில்லு வச்சிருக்கியளாண்ணு. நாணக்கேடு!"

சார் கையமர்த்தினார். பள்ளிக்கூடத்திலும் அவர் மன்னிப்புக்கு ஒரு வாய்ப்பு கொடுத்த பிறகுதான் பிரம்பை எடுப்பார்.

"தப்புண்ணு ஒரு வார்த்தை சொல்லும். இனி போடமாட்டேன்னு வாக்குத் தாரும். அதோட தீந்துது."

"தப்புதான் சாரே. நூறு மட்டம் வேணுமானாலும் சொல்லுதேன். வாக்கு மட்டும் தர ஒக்காது."

"தர ஒக்காதுண்ணா?"

"வாற ஞாயிறும் போடுவேன்."

இதற்குப் பெயர் திமிர் இல்லாமல் வேறென்ன?

மீசை முளைத்த காலத்திலிருந்து அந்தச் சபைப் பாட்டில் பேஸ் என்கிற கனத்த கீழ்க்குரல் என்றால் ஜெயசிங்தான். கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடிப் போகும் கேரல் சுற்றில் ரோட்டு வளைவில் அவர் குரல் கேட்டாலே, அடுத்த வீட்டில் கேக் வெட்டத் தொடங்கிவிடுவார்கள். அவரை இந்த வருஷம் கேரல் சுற்றுக்கும் வேண்டாம், இனி பாட்டுக்குழுவுக்கும் வேண்டாம் என்று கமிட்டி ஒரே மனதாகத் தீர்மானித்தது. சுவிட்ச் போர்டுப் பக்கமே உட்காரக் கூடாது என்றும் சேர்த்துக்கொண்டார்கள்.

ஜெயசிங்குக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவும் அவருக்குத் தெரியவில்லை. பாட்டுப்புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டு, "சரி சாரே" என்று குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

ஒரு பெரிய காரியம் முடித்த திருப்தியோடு கனகதாஸ் சார் வீட்டுக்கு வந்தார்.

சமையலறையில் ராஜபாய் ஃபிரிட்ஜைத் திறந்து, அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். கழுத்தும் முதுகும் குளித்தவளைப்போல நனைந்திருந்தன.

"இண்ணைக்கும் அந்தக் குளிகைக்க சூடா?"

"ம்."

ஆபரேஷனும் கீமோவும் முடிந்த பிறகு, ஹார்மோனைத் தடுக்கிறதற்கு டாக்டர் எழுதிக்கொடுத்த குளிகை அது. ஐந்து வருஷம் விழுங்க வேண்டும். விழுங்காவிட்டால் சீக்கு திரும்ப வரலாம். விழுங்கினால் மழையிலும் உடம்புக்குள் அடுப்பு எரிகிறது, காலையில் விரல் மடங்குவதில்லை, ராத்திரி உறக்கம் கிடையாது. இதெல்லாம் சாருக்கும் தெரியும். உயிர் கிடைத்ததே பெரிது, சூடெல்லாம் ஒரு காரியமா என்பது அவர் கட்சி.

"ஜெயசிங்குக்க காரியம் தீத்தாச்சு. பாட்டுக்குழுவிலேருந்து எடுத்தாச்சு. இனி ஜெபத்தில ஃபேன் கறங்காது பாரு."

ராஜபாய் ஃபிரிட்ஜை மூடினாள்.

"அடப் பாவமே! அந்த அண்ணன் எனக்கு வேண்டியாக்கும் போட்டாரு."

"உனக்கு வேண்டியா?"

"போன மாசம் ஜெபத்துக்க நடுவில கண்ணு இருட்டி, விழாம பெஞ்சைப் பிடிச்சிட்டு நிண்ணேன். எனக்குப் பின்னாலதானே அவரு நிப்பாரு, கண்டிருக்காரு. அவருக்க பெண்டாட்டி சரோஜம் மைனியும் இதே குளிகை தின்னவதான். அவருக்குச் சொல்லிக் கொடுக்கணுமா? இந்தச் சூட்டுக் காரியம் சபையில யாருக்கும் தெரியப்பிடாது, எனக்கு நாணமாக்கும்ணு நாந்தான் மைனிட்ட கெஞ்சினேன். அதான் மனுசன் வாயைத் திறக்கல்ல."

சாரின் முகம் வெளுத்தது. அடுத்த நிமிஷம் கோபம் வந்தது. தலைமையாசிரியர்களுக்கு வெட்கத்தைவிட அது சீக்கிரம் வரும்.

"ஊரில உள்ளவங்களுக்கெல்லாம் தெரியுது. கெட்டினவன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா நீ?"

"உங்ககிட்டதான் முதல்ல சொன்னேன், ஜெபத்தில நிக்க ஒக்கல்ல, உள்ள கிடந்து வேகுதுண்ணு. நீங்க ஜெபத்தை நீட்டினீங்க. அவரு எழும்பிப் போய் ஃபேனைப் போட்டாரு."