எடுத்து வைத்த துணி

பீரோ சாவியை அவள் தரவில்லை. கைக்குள் மூடிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

கீழ்வீட்டுப் பூட்டுக்காரர் மௌத்தானது மதியம்தான் தெரிந்தது. ஊரார் பூட்டையெல்லாம் திறந்துகொடுத்த மனிதர், தன் கதவைப் பூட்டியதே இல்லை. உள்ளே எடுத்துப் போக ஒன்றும் கிடையாது. அழவும் ஆள் கிடையாது.

குளிப்பாட்டியாகிவிட்டது. உடலைச் சுற்றி அடக்கம் செய்யும் கஃபன் துணிதான் இல்லை. பள்ளிவாசலில் இருந்தது காலையில் இன்னொரு மய்யித்துக்குப் போய்விட்டது. கடையடைப்பு என்பதால் ஒரு துணிக்கடைகூடத் திறக்கவில்லை. சாயங்காலம் அசர் தொழுததும் அடக்கம்.

எங்கள் வீட்டில் இருக்கிறது என்று பத்துப் பேர் நடுவில் சொல்லிவிட்டு, கிரீஸ் கையோடு மாடியேறி வந்திருந்தான் அவள் கணவன். லாரி மெக்கானிக்.

இருந்தது உண்மைதான். சில வருஷங்களுக்கு முன் அவளே வாங்கி, பொதிந்து, பீரோவின் மேல்தட்டில் வைத்திருந்தாள். மௌத்துக்கே முன்பதிவு செய்தவள் என்று அவன் கேலி செய்யாத நாளில்லை.

அவளும் சும்மா விட்டதில்லை. நபித்தோழர் ஒருவரே தன் கஃபனை முன்கூட்டி எடுத்து வைத்தாராம், யாரும் குற்றம் சொல்லவில்லையாம். நபிகளார் வீட்டாருக்கு ஒரு வருஷத்து உணவை ஒதுக்கி வைப்பார்களாம். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் நபிமொழியில் வரும் அந்தப் பறவைகள்தான். காலையில் வெறும் வயிற்றோடு போகும், மாலையில் நிறைந்து திரும்பும், அல்லாஹ் பார்த்துக்கொள்வான். பறவைக்கு வீட்டு வாடகை கிடையாது என்பாள் அவள்.

வீட்டில் எது மிஞ்சினாலும் அவனுக்கு உறுத்தும். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் நின்று நின்று வேலை பார்த்து அவள் வாங்கிய கம்பளி, தையல் மெஷின், மழைக்காலத்துக்கென்று போட்டு வைத்த ஒரு மூட்டை கோதுமை, எல்லாம் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் போய்ச் சேர்ந்தன. அவனுக்குத் தாராள மனசுக்காரன் என்று பேர். அவளுக்குக் கஞ்சப்பிசினாரி.

இன்றும் காலை ஷிஃப்ட் முடிந்து வந்தவள்தான். கால் இரண்டும் வீங்கியிருந்தன. சண்டை போடத் தெம்பில்லை.

"இது ஒண்ணையாவது விட்டு வைங்களேன்."

அவன் விடவில்லை. மய்யித்து கீழே காத்திருக்கிறது, உயிரோடு இருக்கிறவளுக்கு என்ன அவசரம் என்றான். தவிர, பெண்களுக்குத்தான் ஐந்து துண்டு. ஆணுக்கு மூன்று போதும். மிச்சம் இரண்டை இங்கேயே வைத்துவிட்டுப் போகிறேன், குறைகிற மூன்றை நாளைக்கே வாங்கித் தருகிறேன் என்றான்.

அவனுடைய நாளையைப் பற்றி அவளுக்குத் தெரியும். இருந்தாலும் சாவியைக் கட்டிலில் வைத்தாள். எத்தனை தடவைதான் முடியாது என்பது.

அவன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தான். பொதியைப் பிரித்து, ஒவ்வொரு துண்டாக எடுத்துக் கட்டிலில் பரப்பினான். இரண்டைத் தனியாக எடுத்து வைக்கப் பார்த்தான். பொதிந்திருந்த துணியை உதறினான். பீரோவுக்குள் கையை விட்டுத் துழாவினான்.

"கடைக்காரன் உன்ன நல்லா ஏமாத்திட்டான். மூணுதான் இருக்கு."

"நான் மூணுதான் கேட்டேன்."

அவனுக்கு உடனே விளங்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான். அவள் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் நெஞ்சு ஆபரேஷனுக்குப் படுத்திருந்த வாரத்தில் வாங்கியது என்றாள். எதற்கும் தயாராக இருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டில் அவனுக்கென்று கிழியாத துண்டு ஒன்றுகூட இல்லை, எல்லாவற்றையும் கொடுத்து முடித்திருந்தான். இதையெல்லாம் அவள் கோபமாகச் சொல்லவில்லை. அசதியாகத்தான் சொன்னாள்.

கீழேயிருந்து அவனைக் கூப்பிட்டார்கள்.

அவன் துணியை வாரி மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தான். இரண்டாம் தடவை கூப்பிட்டார்கள். எழுந்திருக்கவில்லை. இதுவரை எதைக் கொடுக்கவும் அவன் யோசித்ததில்லை. இதைக் கொடுக்க மனசு வரவில்லை.

அவள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு அவன் விரல்களை விலக்கி, துணியை எடுத்து மடித்து, வீங்கிய காலோடு தானே படியிறங்கிப் போனாள்.