பாத்திக்கின் பின்பக்கம்

பாண்டுங் நகரத்திலிருந்து வடிவமைப்புக் கல்லூரி மாணவர்கள் நாற்பது பேர் வந்திருந்தும், அருங்காட்சியகக் காவலர் தர்யோனோவின் கண் ஒருத்தி மேல்தான் இருந்தது. லாராஸ் என்ற அந்தப் பெண் அரைமணி நேரமாக, சுவரில் தொங்கிய நூறு வருடத்து பாத்திக் துணியை விட்டு நகரவில்லை. அவர் தலையைத் திருப்பினால் போதும், அவள் கை துணியின் ஓரத்துக்குப் போய்விடும்.

"ஏம்மா, கைய எடு!"

"பின்பக்கத்த ஒரே ஒரு தடவ பாத்துக்கறேங்க ஐயா."

"பின்பக்கத்துல என்ன இருக்கு? எல்லாரும் முன்பக்கத்தப் பாத்துட்டுதான போறாங்க?"

"கையால மெழுகு வச்சு வரைஞ்சதுன்னா ரெண்டு பக்கமும் பளிச்சுனு இருக்கும். மிஷின்ல அச்சடிச்சதுன்னா பின்னால வெளுத்திருக்கும்னு எங்க மேடம் சொன்னாங்க."

"அப்ப நாங்க அச்சடிச்சதத் தொங்க விட்டிருக்கோமா? உன்னப் பாத்தாலே சந்தேகமா இருக்கு. அந்தப் பையத் திற!"

பையில் ஒரு நோட்டும் இரண்டு பென்சிலும்தான் இருந்தன. சத்தம் கேட்டு ஓடி வந்த பேராசிரியை, அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு லாராஸை இழுத்துக்கொண்டு போனார்.

கடைசி மாணவன் வாசலைத் தாண்டியதும் தர்யோனோ தூணுக்குப் பின்னால் ஒதுங்கி, வியர்வையைத் துடைத்தபடி மனைவிக்குப் போன் போட்டார்.

"கல்யாண வீட்டுல எல்லாரும் பாத்தாச்சுல்ல? போதும். சாப்பிட உக்காராத, கடலைக் குழம்பக் கொட்டித் தொலைச்சிடுவ. உடனே அந்தத் துணிய அவுத்து மடிச்சு எடுத்துக்கிட்டு வா! சந்தையில வாங்கின உன் துணிக்கு இங்க எத்தன நேரந்தான் நான் காவல் காக்கறது?"