சாம்பல் சட்டை

கடலைப் பார்த்தபடி மலைமேல் நிற்கும் அந்தப் பழைய கோட்டை ஊருக்கு வருகிற எல்லோருக்கும் வாசலிலேயே காதையும் மூடுகிற ஒரு மூக்குக்கண்ணாடியை மாட்டிப் பூட்டிவிடுவார்கள். திரும்பி இறங்கும்வரை கழற்ற முடியாது. அதில் முந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஊர்தான் தெரியும். அங்கே வேலை பார்க்கிறவர்கள் காட்சியைக் கெடுத்துவிடக் கூடாதே! அதற்காக அவர்களுக்குச் சாம்பல் சட்டை. அதைப் போட்டவர்கள் கண்ணாடிக்குத் தெரியமாட்டார்கள். அவர்கள் குரலும் கேட்காது.

மதிலின் கடல்பக்கம் பலகையில் தொங்கியபடி புல் பிடுங்கிக்கொண்டிருந்தான் மிக்கேல். பலகை நழுவிக் கடலில் விழுந்தது. மதில்மேல் இருந்த பழைய பீரங்கியில் கட்டிய கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். மேலே நின்ற அவன் மனைவி ஞானப்பூ இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை.

"ஐயா, ஒரு கை பிடிங்கய்யா!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். கூட்டம் கடலையே ரசித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சேலைமேல் போட்டிருந்த சாம்பல் சட்டையைக் கழற்றி எறிந்தாள். பக்கத்தில் நின்றவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"என் வீட்டுக்காரர் தொங்குறாருய்யா, இழுங்க!"

அவர் சட்டென்று கயிற்றைப் பிடித்தார். கீழே எட்டிப் பார்த்தார். நீலக் கடலும் பாய்மரக் கப்பல்களும்தான் தெரிந்தன.

"ஒருத்தரும் இல்லையேம்மா. கயிறு பாறையில சிக்கியிருக்கு" என்று கயிற்றை விட்டுவிட்டார்.

ஞானப்பூ மதில்மேல் குப்புற விழுந்து கீழே பார்த்துக் கத்தினாள்.

"சட்டையக் கழட்டுங்க! கழட்டினாத்தான் நீங்க தெரிவீங்க!"

மிக்கேல் அண்ணாந்து அவளைப் பார்த்தான். பிறகு கயிற்றைப் பிடித்திருந்த தன் இரண்டு கைகளையும் பார்த்தான்.