மூடி போடாத பெட்டி

கிட்டாரின் வயரைப் பிடுங்கிப் போட்ட பிறகும் பெட்டி பேசியது.

"ஆயிடுச்சா?"

இளவழகனின் கையிலிருந்த சால்டரிங் அயர்ன் நழுவி மேஜைப் பலகையைக் கருக்கியது. அது நைனாவின் குரல், அவன் அப்பாவின் குரல். குப்பத்தில் யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டுக் கேட்கலாம், தேசப்பனின் அந்தக் கரகரப்பு வேறு எவருக்கும் கிடையாது.

தேசப்பன் ஒண்டியாகப் படகெடுத்துக்கொண்டு கடலுக்குப் போய்ப் பதினைந்து நாள் ஆகிறது. ஆளும் வரவில்லை, படகும் வரவில்லை. இனியும் பொறுப்பதில் அர்த்தமில்லை என்று ஊர் கூடிப் பேசி முடித்துவிட்டது. நாளைக் காலையில் காரியம். இளவழகனின் அம்மா மணியம்மாளுக்குத் தாலியைக் கழற்றப்போகிறார்கள்.

இந்த நேரத்தில் கிட்டாரும் பெட்டியும் எதற்கு என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். கிட்டார் வாசிக்கிற மீஞ்சூர் பிரவீன், அந்தக் காலத்து ரேடியோவில் எரியுமே அந்த வால்வு போட்ட பழைய ஆம்ப் ஒன்றை எங்கிருந்தோ பிடித்து வந்து, அதற்கு எக்கோ மட்டும் தனிப் பெட்டியில் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். உள்ளங்கை அகலத்தில் கடையில் கிடைக்கிறதே, வாங்கிக்கொள்ளேன் என்றால் கேட்கிற ஆளா அவன்? வால்வுதான் வேண்டுமாம், நிஜ ஸ்பிரிங்தான் வேண்டுமாம். படகுகளின் வயர்லெஸ், திருவிழா ஸ்பீக்கர் என்று ரிப்பேர் பார்த்தே பொழுதை ஓட்டிய இளவழகனுக்கும் அந்தக் கிறுக்கு ஒட்டிக்கொண்டது. புதிதாக ஒன்றைச் செய்து தா என்று அதுவரை யாரும் அவனிடம் வந்ததில்லை.

நீளமான மூன்று ஸ்பிரிங்குகள். கிட்டாரின் ஒலியை ஒரு வால்வு இந்த முனையில் உள்ளே தள்ளும். அது ஸ்பிரிங் முழுக்க நடுங்கிக்கொண்டே போய் மறுமுனைக்குத் தாமதமாக வந்து சேரும். அங்கே ஒரு சின்னக் காயில், மெல்லிய கம்பி சுற்றிய சுருள், அதைப் பிடித்து ஆம்ப்புக்குக் கொடுக்கும். கிணற்றுக்குள் தலையை விட்டுப் பாடினது போல் இருக்கும்.

வீட்டில் இப்படி இடி விழுந்த பிறகும் அவன் இந்த முன்னறையைவிட்டு அதிகம் வெளியே வரவில்லை. வந்தால் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"ஆயிடுச்சா?"

இரண்டாவது முறை கேட்டபோது வாசலில் சித்தப்பா தனக்கோடி நின்றிருந்தார். பந்தல்காரனுக்கு என்ன சொல்வது என்று கேட்க வந்தவர், வந்த வேலையை மறந்துவிட்டார்.

இன்னாடா இது என்று இவன் சட்டையைப் பிடித்து உலுக்கினார். இளவழகன் உளறினான். பெட்டிக்கு இன்னும் மூடி போடவில்லை, தகரம் போட்டு மூடாவிட்டால் அந்தக் காயில் அக்கம்பக்கத்து வயர்லெஸ்ஸை எல்லாம் இழுத்துக்கொள்ளும், காலையில்கூட யாரோ இரண்டு படகுக்காரர்கள் பேசிக்கொண்டது இதில் கேட்டது என்றான். அத்தனையும் உண்மை.

"அப்போ அண்ணன் வயர்லெஸ்ல பேசுது. உசுரோட கீதுடா."

இளவழகன் வாயைத் திறந்தான். அதற்குள் சித்தப்பா தெருவில் ஓடிக்கொண்டிருந்தார்.

சற்று நேரத்தில் குப்பமே வாசலில் நின்றது. வாடைக் காற்று ஏறிவிட்டது, முகத்துவாரத்தில் அலை தூக்கிப் போடுகிறது, இப்போது இறங்க வேண்டாம் என்று ஊர்த் தலைவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. வடக்கே எங்கேயாவது ஒதுங்கியிருப்பார் என்றார்கள். பதினைந்து நாள் ஒரு மனுஷன் எதைத் தின்று கிடப்பான் என்று கேட்ட ஒருவரைத் தனக்கோடி அடிக்கவே போய்விட்டார். மூன்று படகுகள் கிளம்பின. எஞ்சின் சத்தம் அறைச் சுவரை அதிரவைத்துவிட்டு மெல்லத் தேய்ந்தது.

மணியம்மாள் மட்டும் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அது மூன்றாவது முறை கேட்டபோது அவள் சிரித்தாள். பதினைந்து நாளில் முதல் சிரிப்பு.

"உங்க நைனா என்னைத்தாண்டா கேக்குறாரு. கிழிஞ்ச வலையத் தெச்சு வைன்னு சொல்ட்டுப் போனாரு, நான் தொடவேயில்ல."

எழுந்து போய் முற்றத்தில் வலையை விரித்தாள். விரல்கள் ஓடிய வேகத்தைப் பார்த்தால், சாயங்காலத்துக்குள் முடித்துவிடுவாள் போலிருந்தது. குனியும்போதெல்லாம் தாலி வலையின் மேல் ஊசலாடியது.

அவளை நிறுத்த ஒரு வார்த்தை போதும். படகுகளைத் திருப்பவும் அதே வார்த்தை போதும்.  இத்தனை பேர் வந்தார்களே, தேசப்பனின் வயர்லெஸ் எங்கே என்று ஒருவராவது கேட்டிருக்கக்கூடாதா என்று இளவழகனுக்கு அவர்கள் மேல் கோபம் வந்தது.

கதவைத் தாழிட்டு, மேஜையின் அடி இழுப்பறையைத் திறந்தான்.

நைனாவின் வயர்லெஸ் செட் அங்கேதான் இருந்தது. பின்பக்கம் கழற்றியபடி, இருபது நாளாக, போட்டது போட்ட இடத்தில். அறுந்த இரண்டு கம்பிகளை ஒட்டவைக்க வேண்டும், ஒரு டீ குடிக்கிற நேரத்து வேலை. கடலுக்குப் போன அன்று விடியலிலும் நைனா இந்த வாசலில் வந்து நின்று, ஆயிடுச்சா என்று கேட்டார். இவன் பெட்டியின் காயிலுக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். சுற்றுக் கணக்கு தப்பிவிடும் என்று தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அவர் வெறுங்கையோடு படகேறினார்.

பெட்டி மறுபடியும் கேட்டது.

அன்று சொன்ன பதில்தான் இன்றும் அவன் வாயில் வந்தது.

"நாளைக்குத் தந்துடறேன் நைனா."