மடங்காத மடக்குக்கத்தி

தர்பூசணியை அறுத்தாகிவிட்டது, மடக்குக்கத்தியைத்தான் மடக்க முடியவில்லை. துபாயில் வாங்கியதை நாலு வீட்டுக்குக் காட்டாவிட்டால் பக்கீர் முஹம்மதுவுக்குச் சோறு இறங்காதே. பூட்டை விடுவிக்கும் தகடு கைப்பிடிக்குள்ளே, மடங்கும் கூர் வந்து விழுகிற இடத்திலேயே இருக்கிறது. கட்டைவிரலை அங்கே வைத்துத்தான் அழுத்தவேண்டுமாம். எந்தப் புண்ணியவான் யோசித்தானோ. உப்பளத்து வெயில் கத்தி அலகில் பட்டுக் கண் கூசுகிறது. பழச்சாற்றில் அவன் விரல் வழுக்குகிறது. மனைவி மெஹரூன்னிசா அந்த விரலையே பார்க்கிறாள். நாளைக் காலையில் விசாவுக்கு ரேகை வைக்கவேண்டிய விரல். “வெட்டிக்கிச்சுன்னா ரேகை விழாதுங்க.” “சும்மா இரு, மடங்கிடும்.” தகடு அசைகிறது, அலகு சட்டென்று பாதி சாய்கிறது. அவள் கத்தியைப் பிடுங்கித் தன் கட்டைவிரலை உள்ளே வைக்கிறாள். “ஏய், கை போயிடும்.” “போவட்டும். என் விரலை எந்த ஊர்ல கேக்குறாங்க?”