தாளத்துக்கு ஓர் அடி

"ஸ்பீக்கர் செத்துப் போச்சு, தர்ஷனா. நாமளும் செத்தோம்."

மேசைக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான் சுஜீந்திரன். சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கின் அந்தக் குளிரூட்டிய மண்டபத்தில் வியர்த்துக் கொட்டியவன் அவன் ஒருவன்தான்.

"ஸ்பீக்கர்தானே செத்துச்சு? கேம் நல்லா உயிரோடதான் இருக்கு," என்றாள் தர்ஷனா, திரையைத் துடைத்தபடி. காலையில் கோவிலில் இட்ட திருநீறு நெற்றியில் கலையாமல் இருந்தது.

இருவரும் வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடமாகச் செய்த வீடியோ விளையாட்டு அது. படங்கள் அத்தனையும் தர்ஷனா காகிதத்தில் கையால் வரைந்தவை. இசையும் நிரலும் சுஜீந்திரன். பூமாலைக் கூடையோடு அல்லி என்ற பெண் சிராங்கூன் சாலையிலிருந்து சைனாடவுன் மாரியம்மன் கோவில் வரை கடைவீட்டுக் கூரைகளில் தாவிப் போவாள். வழியில் யாருக்கு உதவினாலும் அவளுக்கு ஒரு புது பலம் கிடைக்கும். மறிக்கிற முரடர்களை உறுமி மேளத்தின் தாளத்துக்குச் சரியாக அடித்தால் அடிகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு காம்போவாகும். தாளம் தப்பினால் சறுக்கி விழுவாள்.

இன்றைய போட்டியில் முதலிடம் பெறும் விளையாட்டை ஒரு நிறுவனம் வெளியிடும். மற்றவர்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"மேளம் கேட்டாத்தானே அடிக்க முடியும்? சத்தமே இல்லாம எப்படிலா காம்போ போடுவாங்க? லாப்டாப் சத்தம் இந்தக் கூட்டத்துல எடுபடாது."

"நீ எப்படிப் போட்ட?"

மேளத்தைப் பதிவு செய்தவன் சுஜீந்திரன்தான். ஆனால் தாளம் பிடிக்கத் தெரியாது. தான் செய்த விளையாட்டிலேயே ஒரு காம்போ போட முடியாமல் தவித்தவனைப் பார்த்து இரக்கப்பட்டு, அல்லியின் படங்களை எல்லாம் திரும்ப வரைந்தாள் தர்ஷனா. ஒவ்வொரு தாளத்துக்கும் அல்லியின் கொலுசுக்கால் கூரை ஓட்டில் தட்டும், பின்னல் ஒரு பக்கம் ஆடும். இரண்டு மாத வேலை. "எனக்கு ஒருத்தனுக்காக இவ்ளோவா?" என்று அவனே கத்தியிருக்கிறான்.

"அது எனக்கு," என்றான் இப்போது. "நான் தினமும் பாக்குறேன். நடுவர் பாக்கப்போறது பதினஞ்சே நிமிஷம்."

பக்கத்து மேசை சக்தி தன் ஹெட்ஃபோனைக் கழற்றி நீட்டினான். "இத வச்சுக்குங்க. என் கேமுக்கு ஸ்பீக்கரே போதும்."

"பாஸ், நீங்க எங்களுக்கு எதிரா நிக்கிறவரு!"

"உங்க ஸ்பீக்கர ஜெயிச்சு எனக்கு என்னா பெருமை? உங்களத்தான் ஜெயிக்கணும்," என்று சிரித்தான் சக்தி.

அதற்குள் நடுவர் ரகுபதி வந்துவிட்டார். நாற்பது வயதிருக்கும், நீலச் சட்டை. நடுவரும் போட்டியாளரும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளக் கூடாது என்று ஏற்பாட்டாளர் கமலா காலையிலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ரகுபதி தலையை மட்டும் அசைத்துவிட்டு உட்கார்ந்தார்.

சுஜீந்திரன் ஹெட்ஃபோனை நீட்டினான். அவர் உள்ளங்கையால் மெல்ல விலக்கினார்.

"சார், ப்ளீஸ், சவுண்டு இல்லாம வெளாட முடியாது சார்," என்று பின்னாலிருந்து கெஞ்சினான். அவர் திரும்பவே இல்லை. தூரத்திலிருந்து கமலாதான் முறைத்தார்.

"திமிரப் பாத்தியா?" என்று தர்ஷனாவின் காதில் பொருமினான்.

"ரூல்ஸ்டா. அல்லி பாத்துக்குவா, பேசாம இரு."

முதல் கூரையில் அல்லி விழுந்தாள். மறுபடி ஏறி, மறுபடியும் விழுந்தாள். சுஜீந்திரன் கண்ணை மூடிக்கொண்டான். தர்ஷனா மூடவில்லை.

மூன்றாம் முறை ரகுபதி பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டார். சும்மா நிற்கிற அல்லியையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முன்னால் சாய்ந்தார்.

ஒரு அடி. இரண்டு. மூன்று. காம்போ!

"சுஜி, கண்ணத் தொற."

எட்டு அடி, பன்னிரண்டு அடி என்று கோத்துக்கொண்டே போனது. அல்லி கூரை கூரையாகப் பறந்தாள்.

"பன்னண்டா? நம்ம யாருமே பன்னண்டு போட்டதில்லயே!" சுஜீந்திரனின் வாய் திறந்தபடியே நின்றது.

பதினைந்து நிமிடம் கடந்தும் அவர் எழவில்லை. கமலா வந்து தோளைத் தட்டிய பிறகே எழுந்தார். தாளில் என்னவோ எழுதி, மடித்துக்கொண்டு போனார்.

மாலையில் முடிவு அறிவித்தார்கள். முதலிடம் அல்லிக்கு. சக்திதான் முதலில் ஓடிவந்து கைகொடுத்தான். தர்ஷனா, "முருகா" என்று ஒருமுறை சொல்லிவிட்டு சுஜீந்திரனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

சுஜீந்திரனுக்கு மட்டும் ஒரு குறை. "ஜெயிச்சது சரி. ஆனா மேளத்த ஆறு மாசம் தேடித் தேடி ரெக்கார்டு பண்ணேன்லா! ஏன் சார் ஒரு நிமிஷம்கூடக் கேக்கலன்னு அவருகிட்ட கேக்கத்தான் போறேன்."

"மொதல்ல அவரு பேசட்டும். மேடைக்கு வந்துட்டாரு."

கமலா மைக்கை நீட்டினார். ரகுபதி அதை வாங்கவில்லை. பக்கத்தில் நின்ற பெண் வாங்கிக்கொண்டாள். அவர் இரு கைகளையும் உயர்த்தினார். விரல்கள் அசைய அசைய, அவற்றைப் பார்த்து அந்தப் பெண் பேசினாள்:

"தாளத்துக்கு விளையாட வேண்டிய ஆட்டங்கள் இன்று ஆறு இருந்தன. பிறந்ததிலிருந்தே காது கேட்காத எனக்கு, அவற்றில் ஒன்றில்தான் தாளம் தெரிந்தது."