நாலாம் நம்பர் ஃபேடர்

ஊளையிட்ட மைக்கின் சுவிட்சை அவசர அவசரமாகத் தேடி அணைத்தாள் அக்கா. டிஜிட்டல் மிக்சரில் அவளுக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான். வழக்கமாக அதன் முன் உட்காரும் கணவர், புகைந்த ஜெனரேட்டரைப் பார்க்க அரங்கின் பின்பக்கம் ஓடியிருந்தார். ஓடும்போதே அவளிடம் சொல்லிவிட்டுப் போனார்:

"அங்கேர்ந்தே டேப்லெட்டுல மிக்சரை நான் பாத்துக்கறேன். நீ எதையும் நோண்டாம உக்காரு!"

மேடையில் தங்கை. தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு முதல்முறையாகப் பாடுகிறாள். மூன்றாம் வரிசையில், அவளைத் தன் குழுவில் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வந்திருந்த இசையமைப்பாளர்.

உச்சத்தில் அவள் குரல் பிசிறுவதற்கு அரை நொடி முன்னால், அவள் மைக்கின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுகட்டையான நாலாம் நம்பர் ஃபேடர் சட்டென்று கீழே இறங்கியது. பிசிறு யாருக்கும் கேட்கவில்லை. ஃபேடர் மறுபடி ஏறிக்கொண்டது.

'மனுஷன் கில்லாடிதான்!' என்று கணவரை மெச்சிக்கொண்டாள் அக்கா.

ஆனால் குரல் எப்போது பிசிறும் என்று அவருக்கு எப்படி முன்கூட்டியே தெரிகிறது? அக்கா விரல்விட்டு எண்ணினாள். ஏழு தடவை. ஒன்றுகூடத் தப்பவில்லை.

கைதட்டல் ஓய்ந்ததும் இசையமைப்பாளர் மேடையேறி, "நாளைக்கே வந்துடும்மா" என்றார்.

கையெல்லாம் கரியோடு கணவர் வந்தார்.

"அசத்திட்டீங்க! ஃபேடர் என்னமா ஏறி இறங்குது!"

"நானா? டேப்லெட் சார்ஜ் இல்லாம செத்துக் கிடக்கு. நீதான் தள்ளுறேன்னு நெனச்சேன்."

"நான் தொடவே இல்லைங்க. அதுவா நகந்துச்சு."

அவர் மிக்சரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அதுவா நகர மோட்டார் வேணும்டி. இது மோட்டார் இல்லாத மாடல். யாராவது கையால தள்ளினாத்தான் உண்டு."